எழுத முடியாத அக்கி

முதலில் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.
பணிக்கன்குப்பம் கொட்டகையில்
நாளைக்கு எட்டுக் கிலோ முந்திரி உடைக்கிற கை.
சாம்பல் தடவினாலும்
கொட்டை எண்ணெய் விரலிடுக்கில் இறங்கி
தோலைக் கழற்றிவிடும்.
கழுவாமல் ஒதுங்கப் போயிருப்பேன்,
அங்கே பட்டிருக்கும் என்று இருந்தேன்.

ஆனால் எண்ணெய் பட்டால் பட்ட இடம் எரியும்.
இது இரண்டு நாள் முன்பே
எறும்பு ஊர்ந்ததுபோல் குறுகுறுத்தது.
தொடையின் உள்பக்கம் வரை
சுண்டிச் சுண்டி ஒரு வலி.
பிறகு ஒரே இடத்தில் கூட்டமாய்
ஊறிய ஜவ்வரிசி.
உடைந்தது, புண்ணாயிற்று.
ஒன்றுக்குப் போகையில்
பல்லைக் கடித்துச் சுவரைப் பிடித்தேன்.
கவட்டில் நெறி கட்டியது.
காய்ச்சல் வேறு.

அஞ்சலாட்சியிடம் மட்டும் சொன்னேன்,
இடத்தைச் சொல்லாமல்.
"அக்கிதாண்டி. குயவர் வீட்டுக்குப் போ.
காவி குழைச்சு எழுதிவிடுவாரு,
மூணு நாள்ல அடங்கும்."
எங்கே எழுத என்று நினைத்ததும்
சிரிப்பு வந்தது.
சிரித்தாலும் எரிந்தது.

பண்ருட்டி ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் அதிகம்.
கடலூர் பஸ் ஏறினேன்.
இடம் கொடுத்த பையனிடம்
"இறங்கப் போறேன்பா" என்று சொல்லிச் சொல்லியே
நெல்லிக்குப்பமும் தாண்டி நின்றேன்.

பெரியாஸ்பத்திரியில்
சுகவாழ்வு மையம் என்று ஒரு பலகை.
பெயரைக் கூப்பிடவில்லை, எண்ணைக் கூப்பிட்டார்கள்.
அதற்கே கண் கலங்கிவிட்டது.

டாக்டர் நிலோஃபர் பார்த்துவிட்டு
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
"ஹெர்பிஸ். அக்கிக்குப் பங்காளி முறை.
ஆனா அக்கி இல்ல."
"பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல ஒட்டியிருக்குமா?"
"அங்க அது பிழைக்காதும்மா.
துண்டுல, குளத்துல வராது.
தோலும் தோலும் உரசணும்."

கேட்க வந்த ஒன்றை அப்போது கேட்டேன்.
"அப்போ அவரு...?"

அவர் பேனாவை மூடி வைத்தார்.
"அவருக்கே தெரியாம இருக்கலாம்.
நிறையப் பேருக்குக் கொப்புளமே கண்ணுல படாது.
ஒண்ணுமில்லாத நாள்லயும் தொத்தும்.
உங்ககிட்டயே வருஷக்கணக்கா
தூங்கிக் கிடந்திருக்கலாம்.
உதட்டுல புண் வருமா அவருக்கு?"

வரும். ஜுரம் விடும்போதெல்லாம் வரும்.
உள்சூடு வெளியே வருது என்பார்.
போன மாதம்கூட அந்த உதட்டோடு...
யோசித்து முடிப்பதற்குள் முகம் சுட்டது.
டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.
நல்லவர்.

"அதுலேருந்தும் வரும். வேற வழியிலயும் வந்திருக்கும்.
யார் குடுத்ததுன்னு எந்தப் பரிசோதனையும் சொல்லாது."

பத்து நாள் மாத்திரை.
புண் ஆறும், அது போகாது.
முதுகுத்தண்டின் அடியில், நரம்பு வேரில்
சுருண்டு படுத்துக்கொள்ளுமாம்.
அலுப்பிலோ, காய்ச்சலிலோ, மாதவிலக்கிலோ
எழுந்து வருமாம்,
வரவரக் கொஞ்சம் சோம்பலாக.
குறுகுறுப்பு தொடங்கிய அன்றிலிருந்து
பொருக்கு உதிர்ந்து தோல் மூடும்வரை
நெருங்கக் கூடாது.
மற்ற நாளில் ஆணுறை. அது குறைக்கும்,
முழுக்கத் தடுக்காது.
வயிற்றில் தங்கினால்
முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.
அவரையும் ஒருமுறை கூட்டி வரச் சொன்னார்கள்.

கூட்டி வா என்பது எவ்வளவு சின்னச் சொல்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தேன், ஓரமாக.
கெடிலத்தில் தண்ணீர் இல்லை,
மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.
பத்து வருடக் கல்யாணத்தை
முன்னும் பின்னும் புரட்டினேன்.
அவர் கேரளாவில் இருந்த எட்டு மாதம்.
அதற்கும் முன்னால்,
அவருக்குச் சொல்லாத என் ஒரு கோடை.
கணக்கு எந்தப் பக்கமும் சாயவில்லை.

நிறுத்தத்தில் கலியமூர்த்தி
வண்டியைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.
முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.
என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கருத்து உரிந்த நுனிகளை.

"கைக்கு என்ன மருந்து குடுத்தாங்க?"

"கை இல்லீங்க," என்றேன்.
"வண்டிய எடுங்க. வீட்டுக்குப் போற வழியில
நிறுத்திப் பேசணும்."